நவாஹோ நிலத்து யுரேனியச் சுரங்கங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராண்ட் கேன்யன், மான்யுமென்ட் வேலி என்று அமெரிக்காவின் தென்மேற்குப் பக்கம் பயணம் போய்வந்த தமிழ்க் குடும்பங்கள் ஒரே மாதிரியான சில கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். வழியில் எங்கோ கதிரியக்க எச்சரிக்கைப் பலகையைப் பார்த்திருப்பார்கள், அல்லது யாரோ சொல்லிக் கேட்டிருப்பார்கள். ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு வேறு கவலை: நம் நாட்டிலும் யுரேனியம் தோண்டுகிறார்களே, அங்கே நடந்தது இங்கேயும் நடக்குமா? தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் தொகுத்து வைக்கலாம் என்று இதை எழுதுகிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இருக்கின்றன.

1. நவாஹோங்கிறது இனமா, ஊரா, தனி நாடா?

இனத்தின் பெயர். அவர்கள் தங்களைத் தினே என்று சொல்லிக்கொள்கிறார்கள். அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கும் அவர்களுடைய நிலப்பகுதிக்கு நவாஹோ நேஷன் என்று பெயர். பரப்பளவு சுமார் 71,000 சதுர கிலோமீட்டர், அதாவது இலங்கையைவிடப் பெரியது. அமெரிக்காவுக்குள்ளேயே இருந்தாலும் சொந்தமாக அதிபர், சட்டமன்றம், நீதிமன்றம், போலீஸ் எல்லாம் உண்டு. தலைநகர் விண்டோ ராக். இனத்தின் பதிவேட்டில் ஏறத்தாழ 4 லட்சம் பேர் இருக்கிறார்கள்; அவர்களில் பாதிக்கும் குறைவானவர்கள்தான் அந்த நிலத்துக்குள் வாழ்கிறார்கள்.

1864-இல் அமெரிக்க ராணுவம் இவர்களை விரட்டிப் பிடித்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடக்கவைத்து, நியூ மெக்சிகோவின் கிழக்கே ஒரு முகாமில் அடைத்தது. வழியிலும் முகாமிலும் நிறையப் பேர் இறந்தார்கள். 1868-இல் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் சொந்த நிலத்துக்குத் திரும்ப முடிந்தது. அந்த நிலம் அவர்களுடையதுதான், ஆனால் சட்டப்படி மத்திய அரசு அறங்காவலராக இருந்து அதை நிர்வகிக்கிறது. சுரங்கக் குத்தகைக்கு மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். பின்னால் வரும் பல பதில்களுக்கு இந்த ஏற்பாடுதான் அடிப்படை.

2. அங்கே யுரேனியம் தோண்டினது யார், எதுக்காக?

தோண்டியவை தனியார் நிறுவனங்கள், வாங்கியது அமெரிக்க அரசு. 1944 முதல் 1986 வரை ஏறத்தாழ 3 கோடி டன் தாது அந்த நிலத்திலிருந்து வெளியே போயிற்று. தொடக்கத்தில் அணுகுண்டுத் திட்டம், பிறகு சோவியத் யூனியனோடு நடந்த ஆயுதப் போட்டி. 1971 வரை யுரேனியத்தை வாங்கும் ஒரே வாடிக்கையாளர் அரசுதான். அந்தத் தேதி முக்கியம், இழப்பீடு பற்றிய 7-ஆம் கேள்வியில் மறுபடி வரும். கெர்-மெக்கீ, வனேடியம் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா போன்றவை அங்கே பெரிய பெயர்கள். மலைச்சரிவில் நாலு பேர் குனிந்து நுழைகிற குகை போன்ற சின்னச் சின்னச் சுரங்கங்களும் நிறைய.

3. அவங்க நிலம்தானே? ராயல்டி, வேலைன்னு நல்லா வந்திருக்குமே?

ராயல்டி வந்தது, வேலையும் வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆடு மேய்த்தலும் சோளமும் தவிர வருமானம் இல்லாத ஊர்களில், ரயில் பாதை வேலைக்கோ வெளியூர்ப் பண்ணைக்கோ போகாமல் வீட்டுப் பக்கத்திலேயே கூலி கிடைத்தது பெரிய விஷயம். பல ஆயிரம் ஆண்கள் போனார்கள். நாட்டுக்குச் செய்யும் கடமை என்று நினைத்துப் போனவர்களும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் தம் மொழியிலேயே ரகசியச் செய்தி அனுப்பிய நவாஹோ வீரர்களின் ஊர்கள் அவை.

கூலி குறைவு, ராயல்டி சொற்பம். அதையெல்லாம்விட எனக்கு உறுத்துவது, அந்த வேலை உயிரைக் குடிக்கும் என்று அவர்களிடம் யாரும் சொல்லாததுதான். ஆபத்தைச் சொல்லியிருந்தால் போவதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்திருப்பார்கள். அந்த முடிவை எடுக்கும் உரிமையே அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

4. மண்ணுக்குள்ள இருந்தவரைக்கும் ஒண்ணும் ஆகலை. வெளியே எடுத்தா மட்டும் எப்படி விஷமாகுது?

நல்ல கேள்வி. யுரேனியம் தன்னால் மெல்லச் சிதைந்து வேறு வேறு தனிமங்களாக மாறிக்கொண்டே போகும். அந்த வரிசையில் ரேடியம் வரும், அதிலிருந்து ரேடான் என்ற வாயு வரும். பாறை உடையாமல் ஆழத்தில் இருக்கும்போது ரேடானில் பெரும்பகுதி அங்கேயே சிக்கிச் சிதைந்துவிடும். அதன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், நான்கு நாளுக்கும் குறைவு. வெடிவைத்து உடைத்தால் வாயு நேராகச் சுரங்கக் காற்றில் கலக்கிறது. மூச்சில் போகும் ரேடானைவிட, அது சிதைந்து வரும் பொலோனியம் போன்ற துகள்கள்தான் மோசம். அவை தூசியில் ஒட்டிக்கொண்டு நுரையீரலில் தங்கி, அங்கிருந்தே ஆல்பா கதிரை வீசும்.

அப்புறம் ஆலை. தாதுவை மாவு போல அரைத்து, அமிலத்தில் ஊறவைத்து யுரேனியத்தைப் பிரிப்பார்கள். மிஞ்சும் கழிவு மணலில் ரேடியமும் மற்றவையும் அப்படியே இருக்கும்; தாதுவின் மொத்தக் கதிரியக்கத்தில் சுமார் 85 சதவீதம் அந்த மணலிலேயே தங்கிவிடுகிறது. கெட்டிப் பாறையாக இருந்தது இப்போது காற்றில் பறக்கவும் மழையில் கரைந்து ஓடவும் தயாராகக் கிடக்கிறது. கூடவே ஆர்செனிக் போன்ற உலோக நஞ்சுகளும்.

5. சுரங்கத்துக்குள்ள நிலைமை எப்படி இருந்துச்சு?

காற்றோட்டம் பெரும்பாலும் கிடையாது. வெடிவைத்தவுடன், புகையும் தூசியும் அடங்குமுன்பே உள்ளே அனுப்பினார்கள். முகமூடி இல்லை. தாகம் எடுத்தால் சுரங்கச் சுவரில் கசிந்த தண்ணீரைக் குடித்தார்கள். சாப்பாடும் உள்ளேயேதான். மஞ்சள் தூசி படிந்த உடையோடு வீட்டுக்குப் போவார்கள். பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொள்ளும். அந்த உடையை மனைவிமார் குடும்பத் துணிகளோடு சேர்த்துக் கையால் துவைத்தார்கள். சுரங்கத்துக்குள் காலே வைக்காத பெண்களும் பாதிக்கப்பட்டது எப்படி என்று கேட்பவர்களுக்கு இதுவும் ஒரு பதில்.

6. அந்தக் காலத்துல இதெல்லாம் யாருக்குமே தெரிஞ்சிருக்காதே?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருவது. கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை; உண்மையிலேயே அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் தெரிந்திருந்தது. ஜெர்மனியின் ஷ்னீபெர்க் பகுதிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு நுரையீரல் கட்டி வருவதை இரண்டு மருத்துவர்கள் 1879-இலேயே எழுதிவைத்தார்கள். பக்கத்திலிருந்த யோகிம்ஸ்தால் சுரங்கங்களிலும் அதே கதை. 1930-களிலேயே ரேடானைச் சந்தேகித்து எழுதியவர்கள் ஐரோப்பாவில் இருந்தார்கள்.

அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1950-இல் யுரேனியத் தொழிலாளர்களை ஆராயத் தொடங்கியது. ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், சுரங்கக் காற்றில் ரேடானை அளந்தார்கள். அளவு ஆபத்தானது என்பதும், காற்றோட்டம் அமைத்தால் அது குறையும் என்பதும் 1950-களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் சுரங்கத்துக்குள் நுழைய நிறுவனங்களின் அனுமதி வேண்டும். அதற்காக, ஆபத்தைப் பற்றித் தொழிலாளர்களிடம் பேசுவதில்லை என்று ஆய்வாளர்கள் ஒத்துக்கொண்டார்கள். பரிசோதனை எதற்கு என்று அந்த மனிதர்களுக்குச் சொல்லப்படவில்லை. யுரேனியத்தை வாங்கிக்கொண்டிருந்த அணுசக்தி ஆணையமோ, சுரங்கப் பாதுகாப்பு மாநிலங்களின் பொறுப்பு என்று ஒதுங்கிக்கொண்டது.

நுரையீரல் புற்றுநோய்க்கும் இந்த வேலைக்கும் உள்ள தொடர்பு 1962-இல் அரசு அறிக்கையாக வெளிவந்தது. நாடு முழுவதற்குமான ரேடான் கட்டுப்பாடு வர 1960-களின் கடைசி ஆயிற்று, அது இறுகியது 1971-இல். இடையில் போன ஆண்டுகளில்தான் கோவ், ரெட் வேலி போன்ற ஊர்களில் விதவைகள் பெருகினார்கள். மனிதர்கள் மீதான கதிரியக்கச் சோதனைகளை விசாரிக்க அமெரிக்க அதிபர் அமைத்த குழு 1995-இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. காற்றோட்டம் அமைக்க அரசு போதிய முயற்சி எடுக்காததால் சுரங்கத் தொழிலாளர்கள் இறந்தார்கள் என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

7. நஷ்டஈடு கொடுத்தாங்களா?

முதலில் கோர்ட்டுக்குப் போனார்கள். முன்னாள் உள்துறை அமைச்சர் ஸ்டூவர்ட் யுடால் அவர்களுக்காக வாதாடினார். 1984-இல் அரிசோனா மத்திய நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. கொள்கை முடிவுகளுக்காக அரசின் மீது வழக்குப் போட முடியாது என்பது சட்டம். இந்தத் துயரத்துக்கு நாடாளுமன்றம்தான் பரிகாரம் தேட வேண்டும் என்று நீதிபதி குறிப்பிட்டார்.

1990-இல் கதிரியக்கப் பாதிப்பு இழப்பீட்டுச் சட்டம் வந்தது. நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது, சுரங்கத் தொழிலாளிக்கு ஒரு லட்சம் டாலர் என்றது. கையில் பணம் வருவதுதான் பெரும்பாடு. சம்பளச் சீட்டு கேட்டார்கள். பல சின்னச் சுரங்கங்களில் சீட்டே கிடையாது. விதவைகளிடம் திருமணச் சான்றிதழ் கேட்டார்கள். அவர்கள் மரபுச் சடங்கு செய்து மணம் முடித்தவர்கள், அரசு அலுவலகத்தில் பதிந்தவர்கள் அல்லர். புகைத்தவர் என்று குறிக்கப்பட்டால் தகுதிக்கான அளவு ஏறிவிடும். சடங்கில் கொஞ்சம் புகையிலை பயன்படுத்தியதும் சிக்கலாயிற்று. 2000-இல் சட்டத்தைத் திருத்தி விதிகளைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஆலைத் தொழிலாளர்களையும் தாது லாரி ஓட்டியவர்களையும் சேர்த்தார்கள்.

1971-க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு எதுவுமே கிடைக்கவில்லை. அரசு ஒரே வாடிக்கையாளராக இருந்த காலம் முடிந்துவிட்டது என்பது காரணம். நுரையீரலுக்கு யார் வாடிக்கையாளர் என்று தெரியுமா என்ன? 2024 ஜூனில் சட்டமே காலாவதியானது. 2025 ஜூலையில் உயிர்ப்பித்து, 1990 கடைசி வரை வேலை செய்தவர்களுக்கும் நீட்டித்திருக்கிறார்கள். அதற்குள் மனுப் போட வேண்டியவர்களில் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

8. நுரையீரல் புற்றுநோய்னா சிகரெட்தான் காரணமா இருக்கும். எல்லாத்தையும் சுரங்கத்து மேல போடலாமா?

பொதுவாக இந்தச் சந்தேகம் நியாயமானது. ஆனால் நவாஹோ ஆண்களிடம் சிகரெட் பழக்கம் மிகக் குறைவு, நுரையீரல் புற்றுநோயும் அரிதாகவே இருந்தது. அதனால்தான் மருத்துவ உலகம் இவர்களைக் கவனித்தது. 1969 முதல் 1993 வரை நவாஹோ ஆண்களுக்கு வந்த 94 நுரையீரல் புற்றுநோய்களை ஆராய்ந்தபோது, 63 பேர் முன்னாள் யுரேனியச் சுரங்கத் தொழிலாளர்கள் என்று தெரிந்தது. மூன்றில் இரண்டு பங்கு. சிகரெட்டை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது.

9. சர்ச் ராக் விபத்துன்னு ஒண்ணு படிச்சேன். திரீ மைல் ஐலண்டைவிடப் பெரிசுங்கிறாங்க, நிஜமா?

வெளியே வந்த கதிரியக்கப் பொருளின் கொள்ளளவை வைத்துப் பார்த்தால் அமெரிக்க வரலாற்றிலேயே அதுதான் பெரியது. 1979 ஜூலை 16 விடியற்காலை, நியூ மெக்சிகோவின் சர்ச் ராக்கில் யுனைடெட் நியூக்ளியர் நிறுவனத்தின் ஆலைக் கழிவுக் குட்டையின் மண் அணை உடைந்தது. ஏறத்தாழ 35 கோடி லிட்டர் அமிலக் கழிவு நீரும் 1,100 டன் கழிவுச் சேறும் புவெர்கோ ஆற்றுக்குள் பாய்ந்தன. அணையில் விரிசல் இருந்தது முன்பே தெரியும். ஆற்றோரம் ஆடு மேய்த்தவர்கள், தண்ணீரில் கால் நனைத்த பிள்ளைகள் எல்லாரும் நவாஹோ மக்கள். அவர்களில் பலருக்கு ஆங்கிலம் தெரியாது. பேரிடர்ப் பகுதியாக அறிவிக்கச் சொல்லிக் கேட்டார்கள், மாநில ஆளுநர் மறுத்துவிட்டார். சில மாதங்களில் ஆலை மறுபடி ஓடியது.

அதே ஆண்டு மார்ச்சில் நடந்த திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்தை உலகமே அறியும். பென்சில்வேனியாவில் பெருநகரங்களுக்குப் பக்கத்தில் நடந்தது அது. இது மேய்ச்சல் நிலத்தில் நடந்தது. செய்தியாவதும் ஆகாததும் பாதிக்கப்படுகிறவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சுரங்கத்தில் ஊறும் நீரை இறைத்து அதே ஆற்றில் பல ஆண்டுகளாக விட்டுக்கொண்டிருந்தார்கள். மொத்தக் கணக்கில், அப்படி நாள்தோறும் விட்ட நீரில் போன யுரேனியம் அன்று அணை உடைந்து போனதைவிடப் பல மடங்கு அதிகம் என்று அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை பின்னால் கண்டது. விபத்துக்கு ஒரு தேதி இருப்பதால் நினைவில் நிற்கிறது. தினசரிக் கழிவுக்குத் தேதி கிடையாது.

10. 1986-லயே மூடியாச்சே. இன்னும் என்ன பிரச்சினை?

மூடினார்கள் என்பதைவிட விட்டுவிட்டுப் போனார்கள் என்பதே சரி. 500-க்கும் மேற்பட்ட சுரங்கங்கள் கைவிடப்பட்டுக் கிடக்கின்றன. வாயைக்கூட அடைக்காத சுரங்கங்களில் ஆடுகள் வெயிலுக்கு ஒதுங்கின. திறந்தவெளிக் குழிகளில் மழைநீர் தேங்கி, மனிதரும் கால்நடையும் குடித்தார்கள், பிள்ளைகள் நீந்தினார்கள். நன்றாக உடைத்த கல்லும் மணலும் சும்மா கிடக்கிறதே என்று எடுத்துவந்து அடுப்புக்கும் தரைக்கும் ஹோகன் எனப்படும் மரபு வீட்டின் சுவருக்கும் போட்டார்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளையும் கட்டடங்களையும் அளந்து பார்த்து, மோசமானவற்றை இடித்து வேறு கட்டிக்கொடுத்திருக்கிறது.

அடுத்தது தண்ணீர். நவாஹோ நேஷனில் ஏறத்தாழ 30 சதவீத வீடுகளுக்குக் குழாய் இல்லை. பிக்கப் வண்டியில் பீப்பாய் வைத்து மைல் கணக்கில் போய்த் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். வண்டி ஓடாத நாளில், பெட்ரோலுக்குப் பணம் இல்லாத நாளில், பக்கத்தில் காற்றாலை இறைக்கும் மாட்டுத் தொட்டித் தண்ணீர்தான். அப்படிப்பட்ட சுமார் 240 நீர்நிலைகளைச் சோதித்ததில் 29-இல் யுரேனியமும் மற்றக் கதிரியக்கப் பொருள்களும் குடிநீர் வரம்பைத் தாண்டியிருந்தன. ஆர்செனிக் வேறு. 1868 ஒப்பந்தப்படி எங்களுக்குத் தண்ணீருக்கு வழி செய்யுங்கள் என்று நவாஹோ நேஷன் உச்ச நீதிமன்றம் வரை போனது. அரசுக்கு அப்படி ஒரு கடமை ஒப்பந்தத்தில் இல்லை என்று 2023-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

11. தண்ணியைக் கொதிக்கவெச்சுக் குடிச்சா போதாதா?

போதாது, கெடுதலும்கூட. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உலோகம் சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக மிஞ்சியதில் யுரேனியமும் ஆர்செனிக்கும் அடர்த்தியாகும். ஆர்.ஓ. கருவி நீக்கும், ஆனால் அதற்குக் குழாயும் அழுத்தமும் மின்சாரமும் வேண்டும். மேலே சொன்ன வீடுகளில் அதுதானே இல்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். குடிநீரில் வரும் யுரேனியத்தின் முதல் ஆபத்து கதிர்வீச்சு அல்ல, சிறுநீரகம். ஈயம் போல அதுவும் ஒரு கன உலோக நஞ்சு. அமெரிக்காவில் குடிநீருக்கான வரம்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். ‘கதிர்வீச்சு அளவு குறைவுதான், பயப்பட வேண்டாம்’ என்று யாராவது சொன்னால், சரி, உலோக அளவு எவ்வளவு என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

12. மான்யுமென்ட் வேலிக்குப் பிள்ளைங்களோட போறோம். பயப்படணுமா?

வேண்டாம். சாலையிலும் சுற்றுலாப் பாதையிலும் போய் வருவதால் ஆபத்து இல்லை. வேலியும் எச்சரிக்கைப் பலகையும் உள்ள இடத்துக்குள் போகாதீர்கள், பழைய சுரங்க வாய்களில் நுழையாதீர்கள், அழகாக இருக்கிறதே என்று மஞ்சள் படிந்த கல்லை எடுத்து வராதீர்கள், திறந்த தொட்டித் தண்ணீரைக் குடிக்காதீர்கள். அங்கேயே தங்கி, அங்கேயே செலவழித்து, உள்ளூர் வழிகாட்டியோடு போங்கள். ஒரு நாள் பயணிக்கும் ஐம்பது ஆண்டு அங்கேயே மூச்சு விட்டவருக்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

13. இப்போ பிறக்கிற குழந்தைங்களுக்கும் பாதிப்பு இருக்கா?

உடம்பில் யுரேனியம் இருக்கிறது என்பது உறுதி. நவாஹோ தாய்மார்களையும் குழந்தைகளையும் கருவிலிருந்தே பின்தொடரும் ஆய்வு 2010 முதல் நடக்கிறது. அதன் முதல் முடிவுகளை 2019-இல் அமெரிக்க செனட் குழுவின் முன் வைத்தார்கள். பரிசோதித்த பெண்களில் சுமார் கால்வாசிப் பேருக்கு, அமெரிக்க மக்களில் மிக அதிகமாக இருக்கும் ஐந்து சதவீதத்தினரின் அளவையும் தாண்டி யுரேனியம் இருந்தது. பிறந்த குழந்தைகளிலும் அதே போன்ற அளவு. 1986-க்குப் பிறகு அங்கே சுரங்க வேலையே நடக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

அந்த அளவு குழந்தையின் வளர்ச்சியில் என்ன செய்யும் என்பது வேறு கேள்வி. அதற்குத்தான் பல ஆண்டுகள் பின்தொடர்கிறார்கள். யுரேனியம், ஆர்செனிக், வறுமை, எட்டாத மருத்துவமனை எல்லாம் ஒரே வீட்டில் சேர்ந்திருக்கும்போது ஒவ்வொன்றின் பங்கையும் பிரிப்பது சுலபமல்ல.

14. குழந்தைங்களுக்குக் கை கால் மடங்கிப்போற நோய் கதிர்வீச்சாலதான்னு ஒரு வீடியோல பார்த்தேனே?

நவாஹோ நரம்பு நோய் என்று அதற்குப் பெயர். கைகால் உணர்விழப்பு, கல்லீரல் பாதிப்பு, சிறு வயதிலேயே மரணம். குடித்த தண்ணீரில் இருந்த யுரேனியமே காரணம் என்று நெடுநாள் சந்தேகம் இருந்தது. 2006-இல் எம்பிவி17 என்ற மரபணுவில் உள்ள மாற்றம்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அதனால் இந்த நோயைச் சுரங்கக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, நிறுவனங்களுக்குச் சாதகமாகிவிடுமே என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிரூபிக்கப்பட்டவையே 5, 8, 11-ஆம் பதில்களில் வேண்டிய மட்டும் இருக்கின்றன. அவற்றோடு தவறான ஒன்றைச் சேர்த்தால், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் தட்டிவிடுவார்.

15. பணக்கார நாடு. சுத்தம் பண்றதுக்கு என்ன தடை?

1978-இல் ஒரு சட்டம் போட்டார்கள், ஆனால் அது ஆலைக் கழிவுகளுக்கு மட்டும். ஷிப்ராக், டூபா சிட்டி, மெக்சிகன் ஹாட், மான்யுமென்ட் வேலி ஆகிய நான்கு ஆலை இடங்கள் மூடப்பட்டன. சுரங்கங்கள் அந்தச் சட்டத்துக்குள் வரவே இல்லை. நிறுவனங்களில் பல கலைந்துபோயின, பல கைமாறின. யார் பொறுப்பு என்று தேடிப்பிடிப்பதிலேயே காலம் போயிற்று. 2007-இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஹென்றி வாக்ஸ்மன் குழு விசாரணை நடத்தி ஐந்து அரசுத் துறைகளை ஒரே மேசையில் உட்காரவைத்த பிறகுதான் ஒரு திட்டம் உருவானது. கெர்-மெக்கீயின் வாரிசு நிறுவனம் தொடர்பான வழக்கில் 2015-இல் முடிவான 515 கோடி டாலர் ஒப்பந்தத்திலிருந்து ஏறத்தாழ 100 கோடி டாலர், சுமார் 50 நவாஹோ சுரங்கங்களுக்குக் கிடைத்தது. மற்ற ஒப்பந்தங்களையும் சேர்த்தாலும் பாதிக்கும் மேற்பட்ட சுரங்கங்களுக்குப் பணம் இல்லை.

பணம் இருக்கும் இடத்தில் அடுத்த சண்டை, மண்ணை எங்கே கொண்டுபோவது என்பது. அங்கேயே குவித்து மூடுவது மலிவு. மக்கள் கேட்பது நவாஹோ நிலத்தை விட்டே அகற்றுங்கள் என்று. வெளியே எடுத்துப்போனால் அங்கே இருக்கும் ஊர் எதிர்க்கிறது. இதில் என் மனம் நவாஹோ மக்கள் பக்கம்தான். யுரேனியத்தை வெளியே எடுத்துப்போக வழி கண்டுபிடித்தவர்களுக்குக் கழிவை எடுத்துப்போகவும் வழி தெரிந்திருக்க வேண்டும்.

16. மூடி வெச்சா எவ்வளவு காலம் தாங்கும்?

ஆலைக் கழிவு மேடுகளின் மூடி ஆயிரம் ஆண்டு தாங்க வேண்டும், முடியாவிட்டால் குறைந்தது 200 ஆண்டு தாங்க வேண்டும் என்கிறது அரசு விதி. உள்ளே இருக்கும் ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. அதை உண்டாக்கிக்கொண்டே இருக்கும் தோரியம்-230-இன் அரை ஆயுள் ஏறத்தாழ 75,000 ஆண்டு. ஷிப்ராக் மேட்டை 1986-இல் மூடினார்கள். சான் வான் ஆற்றின் மேட்டுக்கரையில், ஊருக்குள்ளேயே இருக்கிறது. கெட்டுப்போன நிலத்தடி நீரை அதன் பிறகும் பல ஆண்டுகள் இறைத்து ஆவியாக்க வேண்டியிருந்தது.

17. அவ்வளவு ஆபத்துன்னா வேற ஊருக்குப் போயிடலாமே?

சிலருக்குப் போக இடமும் பணமும் இல்லை. சர்ச் ராக் பக்கம் ரெட் வாட்டர் பாண்ட் ரோடு மக்களை மண் அகற்றும்போதெல்லாம் நகரத்து ஓட்டலில் தங்கவைத்தார்கள். ஆடு மாடுகளையும் வயதானவர்களையும் வைத்துக்கொண்டு ஓட்டல் அறையில் எத்தனை நாள் இருக்க முடியும்? நிரந்தரமாகப் போவது என்றால், மேய்ச்சல் உரிமை போகும். அது தாய்வழியாக வந்த குடும்ப நிலமாக இருக்கும்.

குழந்தை பிறந்தால் தொப்புள்கொடியை வீட்டருகிலோ ஆட்டுப்பட்டியிலோ புதைப்பது அவர்கள் வழக்கம். வளர்ந்து எங்கே போனாலும் அந்த இடம் திரும்ப அழைக்கும் என்பது நம்பிக்கை. 1864-இல் துப்பாக்கி முனையில் விரட்டப்பட்டுத் திரும்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் மறுபடி போகச் சொல்வது எளிதான பேச்சு அல்ல.

18. இப்போ மறுபடியும் தோண்ட ஆரம்பிச்சிட்டாங்களாமே?

நவாஹோ நேஷனுக்குள் இல்லை. 2005-இல் நவாஹோ அதிபர் ஜோ ஷெர்லி கையெழுத்திட்ட சட்டம் யுரேனியத் தோண்டலையும் பதப்படுத்தலையும் தடை செய்தது. ஆனால் எல்லைக்கு வெளியே அதற்குச் செல்லுபடி கிடையாது. கிராண்ட் கேன்யனுக்குத் தெற்கே பின்யன் பிளெய்ன் சுரங்கம் ஓடுகிறது. அது ஹவசுபாய் பழங்குடி மக்கள் புனிதமாகக் கருதும் பகுதி. ஆற்றுநீர் கெடும் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். அங்கிருந்து யூட்டாவின் ஒயிட் மெசா ஆலைக்குத் தாது போகும் வழி நவாஹோ நிலம். 2024 ஜூலையில் முன்னறிவிப்பு இல்லாமல் லாரிகள் கிளம்பியபோது, நவாஹோ அதிபர் பூ நைகிரன் தடுக்கச் சொல்லிப் போலீஸை அனுப்பினார். 2025 ஜனவரியில் ஒப்பந்தம் ஆயிற்று: நேரக் கட்டுப்பாடு, மூடிய வண்டி, கூடவே பழைய சுரங்கக் கழிவில் 10,000 டன்னை நிறுவனமே அகற்றித் தர வேண்டும்.

அணுமின்சாரமே கூடாது என்கிறாயா என்றும் கேட்கிறார்கள். அணுமின்சாரம் பற்றிய கணக்கில் உலைக்கு முன்னால் நடப்பதையும் சேர்த்துப் போடுங்கள் என்கிறேன். ‘சுத்தமான மின்சாரம்’ என்று உலையிலிருந்து கணக்கைத் தொடங்கினால் 1 முதல் 17 வரை சொன்ன எதுவும் அதில் வராது.

19. நம்ம நாட்டுல ஜாதுகோடா இருக்கே. அங்கேயும் இதே கதைதானா?

ஜார்க்கண்டின் கிழக்குச் சிங்பூமில் இருக்கிறது ஜாதுகோடா. சுற்றிலும் சந்தால், ஹோ பழங்குடி ஊர்கள். 1967-இல் தொடங்கிய அரசு நிறுவனமான இந்திய யுரேனியக் கழகம் சுரங்கத்தையும் ஆலையையும் நடத்துகிறது. கழிவுக் குட்டைகள் ஊர்களை ஒட்டியே இருக்கின்றன. 2006 டிசம்பரில் கழிவுக் குழாய் வெடித்துச் சேறு ஓடையில் கலந்தது. நோய்களுக்கும் சுரங்கத்துக்கும் தொடர்பு உண்டு என்று ஊர் மக்களும் வெளியார் ஆய்வுகளும் சொல்ல, நிறுவனம் மறுத்து வருகிறது. நவாஹோ கதையை அப்படியே தூக்கி அங்கே ஒட்டக் கூடாது. ஆனால் அங்கே கேட்கத் தவறிய கேள்விகளை இங்கே கேட்கலாம்.

ஆந்திராவின் கடப்பா பக்கம் தும்மலபள்ளியிலும் சுரங்கம் ஓடுகிறது; அங்கே விவசாயிகள் நிலத்தடி நீர் கெட்டுவிட்டதாகப் புகார் சொல்லியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஓர் ஊருக்கு நீங்கள் போனாலோ, அதைப் பற்றி எழுதினாலோ, முதலில் கேட்க வேண்டியவை இவை. ஊர்க் கிணறுகளைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள், யுரேனியமும் ஆர்செனிக்கும் லிட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம், அந்த முடிவு ஊர் மொழியில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறதா? ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கதிர்வீச்சு அளவுமானி உண்டா, அவருடைய அளவை அவர் கையில் கொடுக்கிறார்களா? வேலை உடையை வீட்டுக்குக் கொண்டுபோகிறாரா? சுரங்கத்தை மூடும் செலவுக்கு இப்போதே பணம் ஒதுக்கியிருக்கிறார்களா, அது யார் கணக்கில் இருக்கிறது?